கேட்காமல் போகும் காசு

காலை நாலு மணி. காட்கோபர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு வரிசை வீடு. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்புகிறது.

காட்கோபரில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். காமராஜ் நகர் என்ற பேரே அதைச் சொல்லும். பலர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்படி வந்த ஒரு குடும்பம்தான் இது. பேர் வேண்டாம். இது யாரோ ஒருவர் வீட்டில் நடந்தது அல்ல. பாடத்துக்காகச் சொல்லும் கதை. ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். அம்மா இட்லி அவித்துக் கொடுத்துவிட்டு, பந்த் நகரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். மகனுக்கு வயது 14. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.

வீட்டில் செல்போன் ஒன்றுதான். அப்பாவின் சைக்கிளில் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் கறுப்புக் கட்டங்கள் இருக்கும். இட்லி சாப்பிட்டவர் அந்தக் கட்டத்தைத் தன் போனில் காட்டிப் பணம் அனுப்புவார். பணம் அப்பாவின் வங்கிக் கணக்கில் சேரும்.

இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தது மகன்தான். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அம்மாவுக்கும் அப்போது வராது. "நீயே போட்டுக் குடுல" என்று அப்பா போனை நீட்டினார். ரகசிய எண்ணையும் மகனே போட்டான். பின் நம்பர் என்கிறார்களே, அதுதான். அந்த எண் அப்பாவுக்கு மறந்துபோகும். மகனுக்கு மறக்காது.

பகலில் போன் அப்பாவிடம் இருக்கும். இரவில் மகனிடம் இருக்கும்.

இரண்டு 299

அம்மா சில மாதங்களாக மாலை நேர வகுப்புக்குப் போகிறார். பேர் எழுத வந்துவிட்டது. எண்கள் நன்றாகவே வருகின்றன. வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பெண் ஒரு வேலை கொடுத்தார். "போனுக்கு வர்ற மெசேஜைப் பாருங்கக்கா. இங்கிலீஷ் புரியலைன்னா பரவாயில்லை. எண்ணை மட்டும் வாசிங்க" என்றார்.

அம்மா அன்று இரவு வாசித்தார். 30 ரூபாய். 60 ரூபாய். 30 ரூபாய். 90 ரூபாய். இட்லி ஒரு தட்டு 30 ரூபாய். அதனால் எல்லாமே முப்பதின் கணக்கில் வந்தன. வாசிக்க எளிதாக இருந்தது.

திடீரென்று ஒரு 299 வந்தது.

இட்லி விலையில் ஒன்பதில் முடியும் தொகை ஏது? அம்மா கணவரைக் கேட்டார்.

"ஏங்க, இது என்ன 299?"

"ரீசார்ஜா இருக்கும்."

அதுவும் சரிதான். அவர்கள் வீட்டில் போன் ரீசார்ஜ் 299 ரூபாய். அம்மா விடவில்லை. மேலே தள்ளிப் பார்த்தார். அதே மாதத்தில் இன்னொரு 299 இருந்தது.

"ஒரு போனுக்கு ரெண்டு ரீசார்ஜா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. மகன் தூங்குவதுபோல் படுத்திருந்தான்.

மறுநாள் அம்மா போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே ஒரு தம்பி செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரும் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். அவர் போனைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, ஒண்ணுதான் ரீசார்ஜ். இன்னொண்ணு சந்தா."

"என்ன சந்தா?"

"ஆன்லைன் விளையாட்டுக்கு மாசச் சந்தா. வாரச் சந்தா ஒண்ணும் ஓடுது. அது 79 ரூபா."

தம்பி ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார். மாதச் சந்தா எட்டு மாதமாகப் போகிறது. 8 பெருக்கல் 299. அது 2,392 ரூபாய். வாரச் சந்தா பத்து வாரமாகப் போகிறது. 10 பெருக்கல் 79. அது 790 ரூபாய். நடுவில் ஐந்து தடவை 160 ரூபாய்க்கு ஏதோ வாங்கியிருக்கிறான். அது 800 ரூபாய். ஆக மொத்தம் 3,982 ரூபாய்.

அம்மாவுக்கு வேறு கணக்கு ஓடியது. ஒரு தட்டு இட்லி விற்றால் அரிசி, உளுந்து, எரிவாயு எல்லாம் போகப் பத்து ரூபாய் நிற்கும். 3,982 ரூபாய் என்றால் ஏறக்குறைய 400 தட்டு இட்லி.

"இப்படியே போனா வருஷத்துக்கு எவ்வளவு தம்பி?"

தம்பி மறுபடி எழுதினார். மாதச் சந்தா 12 தடவை. அது 3,588 ரூபாய். வாரச் சந்தா 52 தடவை. அது 4,108 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 7,696 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 79 ரூபாய் சின்னத் தொகை. 299 பெரிய தொகை. பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் வருடக் கணக்கில் சின்னதுதான் அதிகம் தின்கிறது. வாரம் என்ற சொல் அந்த வேலையைச் செய்கிறது.

முன்பு எப்படி இருந்தது?

விளையாட்டுக்குக் காசு கொடுப்பது புதிதல்ல. மும்பையில் 1980களிலும் 1990களிலும் வீடியோ கேம் கடைகள் இருந்தன. பெட்டியில் காசு போட வேண்டும். ஆட்டம் தொடங்கும். தோற்றால் முடிந்துவிடும். மறுபடி ஆட மறுபடி காசு வேண்டும். பையில் காசு தீர்ந்தால் பையன் வீட்டுக்குப் போவான். காசு தீர்வதுதான் அங்கே வேலியாக இருந்தது.

பிறகு இணையம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் வந்தன. 1999இல் அமெரிக்காவில் எவர்க்வெஸ்ட் என்ற விளையாட்டு வெளிவந்தது. அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். 2004இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. அதற்கு மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். 2010இல் அதற்கு உலகம் முழுதும் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். இந்த விளையாட்டுகளுக்கு முடிவு என்பது கிடையாது. நீங்கள் தூங்கினாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டிருக்கும். விட்டுவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம் வரும். சந்தா அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்போது இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும். வங்கி அட்டை வேண்டும். காட்கோபர் வரிசை வீட்டில் அவை இல்லை. இப்போது போன் போதும்.

பணம் கட்டும் முறையும் மாறிவிட்டது. 2020 ஜூலையில் நம் நாட்டில் யூபிஐ ஆட்டோபே என்ற வசதி வந்தது. ஒரு தடவை ரகசிய எண்ணைப் போட்டு ஒப்புதல் கொடுத்தால் போதும். அடுத்த மாதம் பணம் தானாகப் போகும். மின் கட்டணம், காப்பீடு போன்றவற்றுக்கு இது நல்ல வசதி. 2022இல் கூகுள் பிளே ஸ்டோரும் சந்தாக்களுக்கு இந்த வழியைச் சேர்த்துக்கொண்டது. விளையாட்டுகளை இறக்கும் கடைதான் பிளே ஸ்டோர்.

ரிசர்வ் வங்கி இதற்குச் சில விதிகள் வைத்திருக்கிறது. முதல் தடவை கட்டாயம் கணக்குக்காரரின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் பணம் எடுக்கும் முன், குறைந்தது 24 மணி நேரம் முன்பாகவே தகவல் வர வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரை மறுபடி ரகசிய எண் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் கேட்பார்கள்.

ஆக, அந்த வீட்டுக்கும் தகவல் வந்துகொண்டுதான் இருந்தது. எட்டு மாதமும் வந்தது. முப்பது, அறுபது, தொண்ணூறு என்று நாள் முழுதும் இட்லிக் காசு வந்த மெசேஜ்களுக்கு நடுவே அதுவும் கிடந்தது. படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் அந்த வீட்டில் இருந்தான். அவன் சொல்லவில்லை.

வைரம் என்னும் காசு

அந்த 160 ரூபாய் எதற்கு? மகனிடம் கேட்டபோது, "வைரம்மா" என்றான். அம்மா பயந்துவிட்டார்.

இது பொய் வைரம். சில விளையாட்டுகளில் இதற்கு வைரம் என்று பேர். சிலவற்றில் காசு என்பார்கள். உண்மையான ரூபாயைக் கொடுத்து இதை வாங்க வேண்டும். பிறகு இதைக் கொடுத்துச் சட்டை, துப்பாக்கி, முடி அலங்காரம் எல்லாம் வாங்கலாம். எல்லாம் திரையில் தெரியும் படங்கள்தான். அந்தச் சட்டையை மகன் போட முடியாது. திரையில் ஓடும் பொம்மைதான் போடும்.

ரூபாயிலேயே விற்கலாமே, ஏன் வைரம்? ரூபாய் என்று எழுதியிருந்தால் கை தயங்கும். வைரம் என்றால் தயங்காது. இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு சட்டை 150 வைரம் என்று வைத்துக்கொள்வோம். வைரமோ 100, 100 ஆகத்தான் கிடைக்கும். அப்போது 200 வாங்க வேண்டும். 50 மிச்சம் நிற்கும். மிச்சத்தை வீணாக்க மனம் வராது. இன்னும் கொஞ்சம் வாங்குவார்கள். ஜவுளிக் கடைக்காரர் மீதிச் சில்லறைக்குப் பதில் அடுத்த வாரம் வரச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுப்பதுபோல.

பெரிய நாடுகளிலும் இந்தத் தொல்லை உண்டு. ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டாலே பணம் போகும்படி திரை அமைக்கப்பட்டிருந்தது என்பது ஒரு குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் 24 கோடியே 50 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. படித்த அமெரிக்கப் பெற்றோரும் ஏமாந்திருக்கிறார்கள். காட்கோபர் அம்மா வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் நாட்டிலும் விதி வந்திருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. அதில் 13 வகை ஏமாற்றுகள் சொல்லப்பட்டுள்ளன. சந்தா வலை அவற்றில் ஒன்று. சேர்வது எளிதாக இருக்கும். விலகும் வழியை ஒளித்து வைப்பார்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு வங்கி விவரத்தைக் கேட்பார்கள். இவையெல்லாம் தவறு. இதற்குப் புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"அதான் தடை பண்ணியாச்சே?"

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அம்மாவிடம் சொன்னார். "கவலைப்படாதீங்கம்மா. ஆன்லைன் விளையாட்டை எல்லாம் கவர்மெண்ட் தடை பண்ணியாச்சு. பேப்பர்ல வந்துச்சே."

அவர் சொன்னது பாதிதான் சரி.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் வைத்து, அதிகப் பணம் கிடைக்கும் என்று ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை அந்தச் சட்டம் தடுக்கிறது. ரம்மி போன்றவை இதில் அடங்கும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அப்போது அரசுத் தரப்பு சொன்ன மதிப்பீடு.

தமிழ்நாடு இதற்கு முன்பே சட்டம் போட்டது. ரம்மியில் பணம் இழந்து பலர் உயிரை விட்டார்கள். அதனால் 2022 அக்டோபரில் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். பிறகு 2025இல் வந்த விதிகளில், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று சொன்னார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது.

இவை எல்லாம் பணம் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு. மகன் ஆடுவது அது அல்ல. அவன் பந்தயம் கட்டவில்லை. சந்தா கட்டுகிறான். பணத்தைப் பந்தயம் கட்டாத விளையாட்டுக்குச் சந்தா வாங்கலாம் என்று அந்த 2025 சட்டமே சொல்கிறது. சினிமாவுக்கு டிக்கெட் வாங்குவதுபோலத்தான் சட்டம் அதைப் பார்க்கிறது. சூதில் எல்லாம் ஒரே நாளில் போகலாம். சந்தாவில் அப்படிப் போகாது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே இந்த 299ஐ நிறுத்த போலீஸ் வராது. வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

பணம் மட்டுமா போனது?

அப்பா கோபக்காரர் அல்ல. ஆனால் அன்று கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் நின்றார்.

"அடிச்சா காசு வந்துருமா? கேளுங்க, எதுக்குச் செஞ்சான்னு கேளுங்க."

மகன் மெதுவாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் நாலு நண்பர்கள் ஓர் அணி. சந்தா கட்டாதவனை அணியில் சேர்க்க மாட்டார்கள். ஓசிக்காரன் என்று கேலி செய்வார்கள். அணியின் ஆட்டம் இரவு பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். பாதியில் விட்டால் நாலு பேரும் தோற்பார்கள். அதனால் விட முடியாது. தினமும் வந்தால் ஒரு பரிசு உண்டு. ஒரு நாள் வராவிட்டால் அது போய்விடும்.

"எத்தனை மணி வரைக்கும் ஆடுவ?"

"ரெண்டு… சில நாள் மூணு."

நாலு மணிக்கு அம்மா எழுந்து அடுப்பு மூட்டுகிறார். ஒரே அறை. பத்துக்குப் பத்து அடி. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் மகன் கண்ணை மூடியிருக்கிறான். பள்ளியில் தூங்குகிறான் என்று ஆசிரியர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். சத்துக் குறைவு என்று நினைத்து அம்மா தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார். அந்த முட்டைக் காசையும் சந்தாவோடு சேர்க்க வேண்டும்!

பையனைக் கெட்டவன் என்று சொல்லிவிடலாம். அது எளிது. ஆனால் அந்தத் தெருவில் பந்து விளையாட இடம் எங்கே இருக்கிறது? வண்டி நிற்கிறது. தண்ணீர் டிரம் நிற்கிறது. பத்துக்குப் பத்து அறையில் அவனுக்கென்று ஒரு மூலைகூடக் கிடையாது. அந்தச் சின்னத் திரைக்குள் மலையும் கடலும் திறந்த வெளியும் இருக்கின்றன. அங்கே அவன் ஒரு வீரன். இதையும் பெரியவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விளையாடும் எல்லோரும் நோயாளிகள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமை நோயை 2019இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தை நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை. சாப்பாடு, படிப்பு, வேலை எல்லாம் பின்னால் போய்விட்டன. கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் விட முடியவில்லை. பொதுவாக ஓர் ஆண்டு காலம் இப்படியே இருந்தால்தான் அதை நோய் என்பார்கள். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு உள்ளது. மன நலம் பற்றிப் பேச அரசின் இலவச எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம்.

திட்டும்போது அளவு தெரிய வேண்டும். காட்கோபரில் மெட்ரோ ஏறினால் அந்தேரி போகலாம். அந்தேரிக்கு அடுத்தது ஜோகேஸ்வரி. 2021 ஆகஸ்டில் அங்கே ஒரு சம்பவம் நடந்தது. 16 வயதுப் பையன் ஒருவன் செல்போன் விளையாட்டில், தாயின் வங்கிக் கணக்கிலிருந்து 10 லட்சம் ரூபாய் செலவழித்துவிட்டான். பெற்றோர் திட்டினார்கள். பையன் கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். போலீஸ் தேடியது. அந்தேரி மகாகாளி குகைப் பக்கத்தில் அவனைக் கண்டுபிடித்தார்கள். பேசிப் புரியவைத்துப் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தப் பையன் திரும்பி வந்தான். வேறு ஊர்களில் சில பிள்ளைகள் உயிரையே விட்டிருக்கிறார்கள். காட்கோபர் அம்மா கணவரின் கையைப் பிடித்து நிறுத்தியது நல்ல காரியம்.

நிறுத்துவது எப்படி?

முதலில் மகன் விளையாட்டைப் போனிலிருந்து நீக்கிவிட்டான். "அழிச்சாச்சும்மா, இனிமே போகாது" என்றான்.

கடைத் தம்பி சிரித்தார். "விளையாட்டை அழிச்சா சந்தா நிக்காதுக்கா. கேபிள் கனெக்ஷனை வச்சுக்கிட்டு டிவியை மட்டும் வித்த மாதிரி. மாசாமாசம் காசு போய்க்கிட்டே இருக்கும்."

பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அவர் இரண்டு இடங்களைக் காட்டினார்.

ஒன்று, பிளே ஸ்டோர். அதைத் திறந்தால் மேலே வலது மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதில் படமோ ஓர் எழுத்தோ இருக்கும். அதைத் தொட வேண்டும். கட்டணமும் சந்தாவும் என்ற வரி வரும். அதற்குள் சந்தாக்கள் என்று இருக்கும். ஓடுகிற எல்லாச் சந்தாவும் அங்கே தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்யலாம்.

மற்றொன்று, பணம் அனுப்பும் ஆப். அதில் ஆட்டோபே என்ற இடம் இருக்கும். யாருக்கெல்லாம் தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறோம் என்று அங்கே தெரியும். வேண்டாததை அங்கேயும் ரத்து செய்ய வேண்டும். பணம் அனுப்பும் பெரிய ஆப்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தம்பி உடனே மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தார். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார். "ர-த்-து." வகுப்பில் படிக்காத சொல் அது.

"போன காசு வருமா தம்பி?"

பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு விளையாட்டு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். எட்டு மாதக் காசு போனது போனதுதான்.

ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைக்கலாம். தம்பி அதையும் செய்தார். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். "பின் நம்பரை நீங்களே மாத்துங்க. எனக்குத் தெரிய வேண்டாம். தம்பிப்பயலுக்கும் தெரிய வேண்டாம்." அம்மா கணவரோடு பேசிப் புது எண் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே போட்ட எண். எந்த எண் என்று இங்கே எழுதக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் தம்பி சொன்னார். இலவச வைரம் தருகிறோம் என்று மெசேஜ் வரும். தொட்டால் கணக்கே காலியாகலாம். அப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் மகன் தானே கட்டிய சந்தாவுக்கு அந்த எண் உதவாது.

இரவு. சாப்பாடு முடிந்தது. வாரச் சந்தாவை அம்மா ரத்து செய்தார். மாதச் சந்தாவை மகன் கையாலேயே ரத்து செய்யச் சொன்னார். அவன் தொட்டான். திரையில் ஒரு வரி வந்தது. கட்டிய காசுக்கு இந்த மாதம் 17ஆம் தேதி வரை சந்தா செல்லும் என்று அதில் இருந்தது. அம்மா தேதியை வாசித்தார். பதினேழு. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"அதுவரைக்கும் ஆடலாமாம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மறுநாள் இட்லிக்கு ஊறிய அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"400 தட்டு இட்லிக் காசு குடுத்தாச்சு. ஆடட்டும்" என்றார் அப்பா. "ஒன்பது மணிக்குப் போனை உங்கம்மாகிட்ட குடுத்துரணும்."

"பதினோரு மணிக்குத்தான் டீம் வரும்ப்பா."

"அப்ப டீமை எட்டு மணிக்கு வரச் சொல்லுல."

மகன் நண்பனுக்கு மெசேஜ் எழுதத் தொடங்கினான். அம்மா எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார்.